உள்ளபடி சொன்னவர்

நாங்கள் சொன்னதை எங்களுக்கே திருப்பிச் சொல்லுகிற பழக்கம் ஒன்று அவருக்கு இருந்தது. அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அந்தப் பழக்கம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

"நான் விளங்கினதைச் சொல்லட்டோ?" என்று கேட்பார். கேட்கும்போது வலது உள்ளங்கை நெஞ்சில், கழுத்துப்பட்டியின் மேல், தட்டையாக இருக்கும். வெயில் காலத்திலும் கழுத்துப்பட்டி கட்டுகிற ஆள். நாங்கள் ஓம் என்பதற்குள் சொல்லி முடித்துவிடுவார். சுற்றி வளைத்து, பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கி நாங்கள் பேசியது எதுவோ, அதை ஒரு சின்ன வசனமாக எங்கள் முன்னால் வைப்பார். கோபமோ நக்கலோ இருக்காது. சரியோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவருடைய தொழிலே அதுதான். மருத்துவமனைகளிலும் அகதி விசாரணைகளிலும் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ரொறன்ரோவின் பார்க்டேலில் எங்கள் ஆட்கள் அறைக்கு அறை நெருங்கிக் கிடந்த காலத்திலிருந்து அதைச் செய்துவந்தார். மனைவியை ஊரிலேயே இழந்து, ஒரே மகனோடு வந்தவர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதிலும் ஏதாவது ஒரு கெட்டிக்காரத்தனம் செய்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா கை கழுவிக்கொண்டே, "சாப்பாட்டைக் குறை சொல்லேலாது. எண்டாலும் இந்தக் காலத்தில ஆர் ருசி பாத்துச் சாப்பிடுகினம்?" என்றார். இவர் பக்கத்தில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் விளங்கினதைச் சொல்லட்டோ? சாப்பாடு வாயில வைக்கேலாது எண்டு சொல்லுறியள்."

பெண்ணின் தகப்பன் பின்னால் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அன்றைக்குத்தான் இவருக்குக் கிளிப்பிள்ளை என்று பெயர் வைத்தான். அவன் வைக்கிற பெயர்கள் எப்போதும் ஒட்டிக்கொள்ளும். கிளி சொன்னதைச் சொன்னபடி சொல்லும். இவர் சொல்லாமல் விட்டதைச் சொன்னார். அந்த வித்தியாசம் மச்சானுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அவனுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

எனக்கும் அவரைப் பிடிக்காமல் போன நாள் ஒன்று உண்டு. என் மனைவியின் பரிசோதனை முடிவைக் கேட்கப் போயிருந்தோம். அவளுக்கு ஆங்கிலம் கடைத்தெருவுக்குப் போதுமான அளவுதான். நான் பொறியியல் படித்தவன், இங்கே வந்தும் அதே துறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று சொன்னேன். ஆனால் மருத்துவமனையின் விதி என்று அவரை அனுப்பியிருந்தார்கள். மூலையில் இருந்த கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, குணமாக்குவதற்கு மருந்து இல்லை, நோவில்லாமல் வைத்திருக்கலாம். நான் மனைவியின் பக்கம் திரும்பினேன்.

"கொஞ்சம் பரவியிருக்காம். மருந்து தரலாமாம். பயப்படத் தேவையில்லையாம்."

மூலையில் கதிரை அசைந்தது. எழுந்து வந்து அவள் முன்னால் குந்தினார். "அக்கா, டொக்டர் சொன்னது வேற. அதைச் சொல்லுறதுதான் என்ர வேலை. சொல்லட்டோ?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "சொல்லுங்கோ தம்பி."

சொன்னார். ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. ஆனால் இருட்டில் ஒருவரைக் கைபிடித்துப் படி இறக்குவதுபோல, ஒவ்வொரு வசனத்துக்கும் நின்று நின்று சொன்னார். அவள் அழவில்லை. கேட்க வேண்டியவற்றை ஒன்றொன்றாகக் கேட்டாள். அவர் டொக்டரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். அந்த அறையில் நான்தான் யாருக்கும் தேவைப்படாதவனாக இருந்தேன்.

கார்த் தரிப்பிடத்தில் அவரை மறித்தேன். "என்ர மனிசியோட கதைக்க நீர் ஆர்?"

"நான் விளங்கினதைச் சொல்லட்டோ அண்ணை? பயம் அக்காவுக்கு இல்லை. உங்களுக்கு."

என் மனைவி அந்த உண்மையை வீணாக்கவில்லை. கொழும்பில் இருந்த தமக்கையோடு வருடக்கணக்காக இருந்த கோபத்தைத் தொலைபேசியில் தீர்த்துக்கொண்டாள். எந்தச் சேலை யாருக்கு என்று தானே பிரித்து வைத்தாள். அவரை அடிக்கடி வீட்டுக்குத் தேநீருக்குக் கூப்பிட்டாள். "இந்த வீட்டில எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள்" என்று என்னை வைத்துக்கொண்டே சொல்வாள். அவர் மகன் ஜெரோமையும் கூட்டிக்கொண்டு வருவார். மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டின் கீழறையில் அவளுடைய கட்டில் போட்டிருந்தது. அந்தக் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்துதான் என் மகள் அபியும் ஜெரோமும் பழகினார்கள். அதை முதலில் கண்டுபிடித்தவளும் என் மனைவிதான்.

"நல்ல பெடியன். நான் இல்லாத நேரம் குழப்பிப்போடாதேங்கோ" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

அவள் காலமாகி அடுத்த வசந்தத்தில் அபி என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். ஜெரோமில் ஒரு குறையும் சொல்ல முடியாது. படித்தவன், குடிக்காதவன், என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறவன். "யோசிப்பம் பிள்ளை" என்றேன்.

யோசிக்க இருந்தது ஒன்றுதான். ஊரில் எங்கள் பக்கத்தில் அவர்களுடைய ஆட்கள் கடலுக்குப் போகிறவர்கள். எங்களுடைய ஆட்கள் அவர்கள் பிடித்த மீனை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள். இதை இதைவிட நாகரிகமாக எழுத எனக்கு வரவில்லை. ரொறன்ரோவில் இதை யாரும் வாயால் சொல்வதில்லை. 'சமயம் வேற' என்போம். 'பழக்கவழக்கம் ஒத்துவராது' என்போம். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் சைவர் என்பது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வசதியையும் அவர் விட்டுவைக்கவில்லை. "அண்ணை, பிள்ளையள் கோயிலில தாலி கட்டட்டும். எனக்கு அதில ஒண்டுமில்லை" என்று தானாகவே சொல்லிவிட்டார்.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அத்தான், நீங்கள் வாயே திறக்கத் தேவையில்லை. வாற மாதம் லேக்குக்குப் போறம்தானே? ஆளையும் கூட்டிக்கொண்டு போவம். ரெண்டு நாள் எங்களோட நிண்டால் தன்ர இடம் தனக்குத் தெரியும்."

ஒவ்வொரு கோடையும் நானும் அவனும் நோர்த் பே நகரம் தாண்டி ஓர் ஏரிக்குப் போவோம். பைன் மரங்களுக்கு நடுவே மரக் கபின்கள், ஒரு மரத் துறை, வாடகைக்கு அலுமினியப் படகுகள், மீன் வெட்டுவதற்குக் கம்பிவலை அடித்த ஒரு கொட்டில். அனுமதிப்பத்திரம் எடுத்து, தூண்டில்களுக்கும் ரீல்களுக்கும் செலவழித்து, நுளம்புக் கடி வாங்கி, நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்போம். புழுவைக் கையால் பிடித்துத் தூண்டிலில் குத்துவோம். உடம்பெல்லாம் மீன் வெடுக்கோடு திரும்பி வந்து, அதை ஸ்போர்ட் என்று சொல்லிக்கொள்வோம். இதே வேலையைச் செய்தவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் எப்படிப் பேசினார்கள் என்பது எனக்கு ஒருநாளும் படகில் ஞாபகம் வந்ததில்லை.

அவரைக் கூப்பிட்டபோது அவருடைய குரல் மாறிவிட்டது. சம்பந்தம் பேசத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துவிட்டார். வேறு என்ன நினைப்பார்? விடியக் காலையில் அவருடைய வாசலில் காரை நிறுத்தினோம். புதுச் சேர்ட்டு, புதுத் தொப்பி, ஜெரோம் வாங்கிக் கொடுத்த புதுத் தூண்டில்தடி, ஒரு பெட்டியில் கேக். அந்தப் பெட்டியை வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, நான் இதுக்கு முதல் மீன் பிடிச்சதில்லை. பிழை விட்டால் சிரிக்கக்கூடாது."

மச்சான் காரை ஓட்டியபடி என்னைப் பார்த்தான். "ஆர், நீங்களோ அண்ணை? உங்களுக்கு ரத்தத்திலயே இருக்குமே."

"இல்லைத் தம்பி. அப்பா தபால் கந்தோரில வேலை. மாத்தி மாத்தி மலைநாட்டுப் பக்கமே போட்டவங்கள். நான் பண்டாரவளை, அட்டன் எண்டு வளந்தனான். எனக்குத் தேயிலைதான் தெரியும்."

"சும்மா விடுங்கோ அண்ணை. எங்களிட்டயே மறைக்கிறியள்?"

அவர் நெஞ்சில் கையை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எடுத்துவிட்டார். நல்ல காரியத்துக்குப் போகிற வழியில் ஏன் என்று விட்டிருக்கலாம்.

அன்று பின்னேரம் நானும் மச்சானும் நல்ல பிக்கரல் மீன்கள் கொண்டுவந்தோம். அவருடைய தூண்டிலில் ஒன்றும் படவில்லை. துறையில் இறங்கியதும் மச்சான் வாளியையும் மெல்லிய நீட்டுக் கத்தியையும் அவர் கையில் கொடுத்தான்.

"இந்தாங்கோ. இனி உங்கட டிப்பாட்மென்ற்."

"நான் விளங்கினதைச் சொல்லட்டோ? மீன் வெட்டுறது நான்" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். வசனம் முடிந்துவிடவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டும், அல்லது அவர் கையிலிருந்து கத்தியை வாங்க வேண்டும். நான் குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். புதுச் சேர்ட்டின் கைகளை ஒழுங்காக மடித்தார். எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. மீனை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கத்தி முள்ளில் வழுக்கிப் பெருவிரலில் இறங்கியது. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாத்தியளோ அத்தான்! கனடா ஆக்களைத் தங்கட தொழிலையே மறக்கப்பண்ணிப்போட்டுது!"

நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றேன் என்று எழுதலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சிரித்தேன்.

சத்தம் கேட்டு விடுதிக்காரி வந்தாள். றப்பர் பூட்ஸ் போட்ட, பெரிய உருவமான வெள்ளைக்காரக் கிழவி. அவருடைய விரலுக்குத் துணி சுற்றிவிட்டு, செவுளுக்குப் பின்னால் கத்தியை எப்படி வைப்பது என்று காட்டிக் கொடுத்தாள். தோலை முழுக்க உரிக்க வேண்டாம் என்றாள். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோல் இருக்க வேண்டும், வழியில் அதிகாரி மறித்தால் அது என்ன வகை மீன் என்று பார்ப்பதற்கு.

"கேட்டியளோ அண்ணை?" என்றான் மச்சான் தமிழில். "எவ்வளவுதான் உரிச்சாலும், ஆர் எவர் எண்டு பாக்கிறதுக்கு ஒரு துண்டுத் தோல் இருக்கத்தான் வேணுமாம். நல்ல சட்டம்."

கிழவி என்ன பகிடி என்று கேட்டாள். அவர் தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளபடியே ஆங்கிலத்தில் சொன்னார். மனிதர்களிலும் கொஞ்சம் தோலை விட்டுவைத்தால் இன்னார் என்று கண்டுபிடிக்கலாம், அதனால் இந்தச் சட்டம் நல்லது என்று இவர் சொல்கிறார் என்றார். கிழவி மச்சானைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இல்லை, அது மீனுக்கு மட்டும்தான்" என்று விளக்கம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு மீனைப் பொரித்ததும் அவர்தான். "அண்ணை பொரிச்சால்தான் பதம் வரும்" என்று மச்சான் அடுப்படியில் விட்டுவிட்டான். நாங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டோம். அவர் சட்டியோடு நின்றார். கடைசியில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது மூன்றாவது கதிரையில் மச்சானுடைய மழைக்கோட்டும் தூண்டில் பெட்டியும் இருந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை. அடுப்படி ஓரத்தில் நின்றே சாப்பிட்டார். கேக் பெட்டி மேசை நடுவில் கட்டு அவிழ்க்காமல் இருந்தது.

அந்த நேரத்தில்கூட அவர் சந்தேகத்தின் பலனை எங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார். அடுத்தநாள் காலை படகில் ஏறும்போது, "அண்ணை, பிள்ளையளின்ர விஷயம் இண்டைக்குக் கதைப்பமோ?" என்று கேட்டார்.

"மீனைப் பிடிப்பம் முதல்" என்றேன்.

அன்று அவருக்குத்தான் பட்டது. தடி வில்லாக வளைந்து படகே திரும்பியது. ஒரு பைக் மீன். நீளமாக, பச்சையும் மஞ்சளுமாக, நான் அந்த ஏரியில் கண்டதிலேயே பெரியது. அவர் குழந்தையைப்போலக் கத்தினார். தொப்பி தண்ணீரில் விழுந்ததுகூட அவருக்குத் தெரியாது. மச்சான் வலையால் ஏந்தி எடுத்தான். அவ்வளவு பெரிய மீனை வைத்திருக்க அங்கே அனுமதி இல்லை. படம் எடுத்துவிட்டு உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். யார் பிடித்தார்களோ அவர் மீனைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் முறை.

மச்சான் மீனை எடுத்து என் கையில் தந்தான். "அத்தான், பிடியுங்கோ. அண்ணை, நீங்கள் ஃபோட்டோ எடுங்கோ."

"தம்பி, உது நான் பிடிச்சதெல்லோ?" அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "ஜெரோமுக்கு அனுப்பவேணும்."

"அண்ணை, நீங்கள் மீன் பிடிச்சால் அதில என்ன புதினம்?"

அவருடைய சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்சநேரம் இருந்துவிட்டுத்தான் போனது. மச்சான் நீட்டிய போனை வாங்கினார். என்னைப் பார்த்து ஒரு படம் எடுத்தார். நான் மீனோடு நின்றேன். படத்தில் பற்கள் தெரியச் சிரிக்கிறேன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உயிர்காப்புச் சட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அண்ணை, நான் விளங்கினதைச் சொல்லட்டோ? தம்பி சொன்னதை இல்லை. நீங்கள் சொல்லாததை."

"சொல்லுங்கோ."

"நாங்கள் மீன்பிடிக்கிற சாதி. என்ர மகனுக்கு உங்கட மகளைத் தரமாட்டியள். அதைச் சொல்லத்தான் என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். சரியோ?"

மோட்டார் நின்றிருந்தது. மீன் என் கையில் செவுளை விரித்து விரித்து மூடியது. ஓம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் என்னை வெறுத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிருப்பார். நான் கேவலமானவன் என்பது தெரிந்து போயிருக்கும், அவ்வளவுதான். அதற்கும் எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

"சீ, உது என்ன கதை? நாங்கள் ஆராவது வந்ததில இருந்து சாதி எண்டு ஒரு சொல்லுக் கதைச்சமோ? நீங்களா ஏன் உதுகளை இழுக்கிறியள்?"

"அதுதானே அத்தான்" என்றான் மச்சான். "ஆக்கள் தாங்கள்தான் உதைத் தூக்கிக்கொண்டு திரியிறது. பேந்து எங்களைச் சொல்லுறது."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப நான் பிழையா விளங்கிப்போட்டன் எண்டு சொல்லுறியள்."

"ஓமோம். பிழையாத்தான் விளங்கிப்போட்டியள்."

"அப்படியெண்டால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றார். பிறகு, "மீனை விடுங்கோ" என்றார்.

கையில் மீன் இருந்தது எனக்கு மறந்துபோயிருந்தது. தண்ணீரில் விட்டேன். வெள்ளை வயிறு மேலே வந்தது. அவர் படகின் விளிம்பில் குனிந்து, துணி சுற்றிய கையால் வாலைப் பிடித்து, முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தார். மச்சான் மோட்டாரைப் போட்ட பிறகுதான் கையை எடுத்தார்.

அந்தப் படத்தை மச்சான் குடும்பக் குழுவில் போட்டான். 'வாவ் அப்பா' என்று அபி முதலில் பதில் போட்டாள்.

திரும்பி வரும் வழியில் மச்சான் பெற்றோல் அடிக்க நிறுத்தினான். நானும் அவரும் பக்கத்துக் கடையில் கோப்பி வாங்கிக்கொண்டு வெளியே வாங்கில் இருந்தோம். இனி எழுதப்போவதுதான் நான் செய்ததில் மோசமானது. படகில் நடந்தது கோழைத்தனம். இது யோசித்துச் செய்தது.

"பிள்ளை தாயில்லாதவள்" என்றேன். "நான் வேண்டாம் எண்டு சொன்னன் எண்டு தெரிஞ்சால் என்னோட கதைக்கமாட்டாள். அவளுக்கு வேற ஆரும் இல்லை. உங்கட பக்கத்தால ஏதாவது சொல்லி விட்டியள் எண்டால்... சமயம், அப்படி ஏதாவது."

கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் விளங்கினதைச் சொல்லட்டோ? வேண்டாம் எண்டது நான் எண்டு பிள்ளையளிட்டப் பொய் சொல்லவேணும்."

நான் தலையாட்டினேன்.

"அண்ணை, நான் ஒருநாளும் ஒருத்தருக்கும் மாத்திச் சொன்னதில்லை."

"தெரியும்."

கோப்பையைத் திரும்ப எடுத்தார். "உங்களுக்காகச் செய்யமாட்டன். அக்கா போயிட்டா. பிள்ளைக்குத் தகப்பனும் இல்லாமப் போகக்கூடாது."

அப்போது எனக்கு வந்தது வெட்கம் இல்லை. நிம்மதி. அந்தக் கோப்பி நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

சொன்னபடி செய்தார். மகனுக்குக் கத்தோலிக்கப் பெண்தான் வேண்டும், வேறு யாரும் தன் வாசலுக்கு வரக்கூடாது என்று ஜெரோமிடம் சொன்னார். அபி நம்பவில்லை. நேரே அவரிடம் போய்க் கேட்டாள். அவள் முகத்துக்கு நேரேயும் அதையே சொன்னார். அன்று பின்னேரம் வந்து தாயின் கட்டில் இருந்த அறையில் சுருண்டு கிடந்தாள்.

"அம்மாட பெட்டுக்குப் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்ச மனுசன் அப்பா. நீங்கள் அவரை ஃபிஷிங் எல்லாம் கூட்டிக்கொண்டு போனனீங்கள். எப்பிடி அவருக்கு மனம் வந்தது?"

நான் அவள் தலையைத் தடவினேன். "விடு பிள்ளை. சில ஆக்கள் உப்பிடித்தான்."

ஜெரோம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். வேண்டாம் என்றவர் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அபி பிடிவாதமாக நின்றாள். இழுபட்டு இழுபட்டு அந்தக் குளிர்காலத்தில் அது அறுந்தது. ஜெரோம் தகப்பனோடு பேசுவதை விட்டுவிட்டுக் கல்கரிக்குப் போனான். அபி அதற்குப் பிறகு யாரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

அவர் மொழிபெயர்ப்பு வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், மாற்றிச் சொன்ன ஆள் அந்தக் கதிரையில் இருக்கக்கூடாது என்றாராம். அவர்களுக்கு விளங்கவில்லை. பிறகு ஒஷாவாவில் ஒரு நிலக்கீழறைக்கு மாறினார். "கிளிப்பிள்ளை ஊமையாப்போச்சுது" என்றான் மச்சான்.

நான் அவரை ஒருமுறைதான் கண்டேன், எங்கள் பக்கத்துப் பிளாசா ஒன்றில். கழுத்துப்பட்டி இல்லை.

"பிள்ளை சுகமோ அண்ணை?"

"சுகம். நல்ல சந்தோஷமா இருக்கிறாள்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளங்கினதைச் சொல்லட்டோ என்று கேட்பார் என நினைத்தேன். கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் உடைந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு மரக்கறிப் பையோடு பஸ் தரிப்பிடத்துக்குப் போனார்.

இதுவரை நான் அபியிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. அவளுக்குப் பரீட்சை, எனக்குக் கண் சத்திரசிகிச்சை, அவளுடைய பிறந்தநாள். எனக்கு இப்போது காரோட்ட முடியாது. எங்கே போவதென்றாலும் அவள்தான் வேலையை விட்டுவிட்டு வந்து கொண்டுபோகிறாள்.

போன நவம்பரில் அவருடைய மரணச் செய்தி வந்தபோதும் அவள்தான் கொண்டுபோனாள். ஒஷாவாவில் அந்த மண்டபத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "நீங்கள் போட்டு வாங்கோ. நான் உள்ளுக்கு வரமாட்டன்" என்றாள். கையில் போனை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே சனம் அதிகம் இல்லை. பெட்டியில் கழுத்துப்பட்டி கட்டிவிட்டிருந்தார்கள். கைகளைக் கோத்து, செபமாலையைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஜெரோம் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கல்கரியிலிருந்து வந்திருந்தான். என்னைக் கண்டதும் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், வந்ததுக்குத் தாங்ஸ். நீங்கள் வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை." "அப்பா அபிக்குச் செய்தது சரியான பிழை. அவர் அப்பிடியான ஆள் இல்லை எண்டு நான் நினைச்சிருந்தனான். கடைசிவரைக்கும் நான் அவரோட கதைக்கேல்லை. அபியிட்ட நான் ஸொறி சொன்னன் எண்டு சொல்லுங்கோ. உங்களிட்டயும் ஸொறி, அங்கிள்."

பெட்டி எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜெரோமின் தோளுக்கு மேலாக அவருடைய முகம் தெரிந்தது. அந்த மகனுக்கு அவனுடைய தகப்பனைத் திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு வசனம் போதும். அந்த வசனம் என் வாயில் இருந்தது. வெளியே காரில் அபி இருந்தாள்.

"பரவாயில்லைத் தம்பி" என்றேன். "நாங்கள் அவரை எப்பவோ மன்னிச்சுப்போட்டம்."

அவன் என் தோளில் முகம் வைத்து அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

வெளியே வந்து காரில் ஏறினேன். அபி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"ஸொறி சொன்னவன். தகப்பனுக்காக."

"குட்" என்றாள். "ஆராவது சொல்லத்தானே வேணும்."

பிறகு என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, நல்லாக் குளிர்ந்துபோச்சுது அப்பா" என்று சொல்லி, என் பக்கத்துச் சூட்டைக் கூட்டிவிட்டு, காரை எடுத்தாள்.